ஏழாம் கம்பம்

கரும்பாலை ஓய்ந்த மறுவாரம்
கடல் தன் வேலையைத் தொடங்கும்.
வடக்குக் குவீன்ஸ்லாந்தில் நவம்பர் என்றால்
வலைக்குள் மட்டும்தான் நீச்சல்.
கரையோரம் பன்னிரண்டு கம்பங்கள்,
கம்பத்துக்கு ஒரு புட்டி வினிகர்.
செவ்வாய்தோறும் நிரப்புகிறவள் நான்,
ரெனாட்டா, நகராட்சியில் அரைநாள் சம்பளம்.

ஏழாம் கம்பம் மட்டும் எப்போதும் காலி.
எதிரே மீன் வறுவல் கடை.
கடைக்காரன் தரும் வினிகர் போதாதவர்கள்
சாலையைத் தாண்டி வருகிறார்கள்.
உயிருக்கென்று வைத்ததை
உருளைக்கிழங்கில் தெளித்துக்கொள்கிறார்கள்.
பார்த்திருக்கிறேன்.
சிரித்தும் இருக்கிறேன்.

ஜெல்லி மீன் கண்ணில் படாது.
தண்ணீருக்குள் இன்னொரு தண்ணீர்.
அடிமணலில் நிழல் மட்டும் நகரும்,
அதுவும் வெயில் இருந்தால்.
அந்தக் காலத்தில் உயிர்காவல் ஆண்கள்
மனைவிமாரின் நைலான் காலுறையை
இடுப்புவரை இழுத்துவிட்டு இறங்குவார்களாம்.
தாடியும் காலுறையுமாக என் மாமனார் எட்டோரே
ஒரு புகைப்படத்தில் முறைக்கிறார்.
ஊர் சிரித்தது.
கடைசிவரை ஒரு கொட்டு வாங்கவில்லை மனிதர்.

போன டிசம்பர்.
வலைக்கு வெளியே உருண்ட பந்தை எடுக்க
முழங்கால் ஆழத்துக்குத்தான் போனான்
அந்த எஸ்டோனியப் பையன்.
அலறல் ஒன்றுதான்;
அடுத்ததற்கு மூச்சு இல்லை.
அவன் தோழி ஏழாம் கம்பத்துக்கு ஓடினாள்,
புட்டியைக் கவிழ்த்தாள்.
இரண்டு சொட்டு.

நான் மூன்றாம் கம்பத்தில் இருந்தேன்.
ஐம்பத்தாறு வயதில்
பத்து லிட்டர் கேனோடு மணலில் எப்படி ஓடினேன்
என்று கேட்காதீர்கள்.
யாரையோ ஆம்புலன்ஸுக்குக் கூப்பிடச் சொல்லிக்
கத்தியது நினைவிருக்கிறது.
மணலை அள்ளித் தேய்க்கப் போன அவன் மணிக்கட்டுகளைப்
பிடித்துக்கொண்டேன்.
தேய்க்காதே. தேய்க்காதே.
அவள் ஊற்ற ஊற்ற முப்பதுவரை எண்ணினேன்,
பதற்றத்தில், வீட்டு இத்தாலியத்தில்.

வினிகர் வலியைத் தணிக்காது.
வெடித்ததை ஒன்றும் செய்யாது.
காலில் ஒட்டிக்கொண்டு
இன்னும் வெடிக்கக் காத்திருப்பதை
வெடிக்காமல் நிறுத்தும்.
அவ்வளவுதான் அதன் வேலை.

பிழைத்துக்கொண்டான்.
மார்ச்சில் ஒரு படம் அனுப்பினான்:
பனியில் நிற்கும் வெறுங்கால்,
கெண்டையைச் சுற்றி ஏணிப்படிபோல் தழும்பு.

ஏழாம் புட்டியில் கறுப்பு மையால்
பெரிதாக எழுதிவைத்தேன்:
'மீனுக்கு அல்ல.'
அடுத்த செவ்வாய் போனால்
அதன் கீழே வேறு கையெழுத்து:
'மன்னிக்கவும்.'
புட்டி முக்கால்வாசி காலி.

நிரப்பினேன்.