தொண்ணூற்றேழு டிகிரி

"உள் மூலையா, வெளி மூலையா?" என்றார்
செவ்வாய்ப்பேட்டைக் கடையில் ஜபருல்லா.
வீட்டுக்குள் நின்று யோசித்தால் ஒன்று,
மழையில் நின்று யோசித்தால் இன்னொன்று.
மூன்று வருடமாய் நான் மழையில்தான் நிற்கிறேன்
வாளியோடு.
"ரெண்டு சுவரும் கட்டிப்பிடிக்க வர்றாப்ல இருக்கா,
முதுகைக் காட்டுதா?"
கட்டிப்பிடிக்கத்தான்.
"அப்ப உள் மூலை" என்று ஏணியேறினார்.

பழைய வீட்டுக்கும்
பாறையை உடைக்கக் காசில்லாமல்
பாறைக்கு ஒதுங்கிக் கட்டிய சமையலறைக்கும்
நடுவில் அந்த மூலை.
இரண்டு கூரையும் பேசிவைத்ததுபோல்
வாசற்படியில்தான் கொட்டும்.

மேசைமேல் பரப்பினார்:
பிவிசி, ரப்பர் வளையத்தோடு, முந்நூற்று நாற்பது.
அலுமினியம், அறுநூற்றுப் பத்து.
தகரம், தொட்டால் விரலைக் கீறும், மலிவு.
பையிலிருந்து அட்டையை எடுத்தேன்.
பிஸ்கட் பெட்டியில்
செங்கோடன் அளந்து வெட்டிய எங்கள் மூலை.
எதிலும் உட்காரவில்லை.
"கடையில இருக்கறதெல்லாம் தொண்ணூறும்மா.
உங்களுது தொண்ணூத்தேழு.
வீட்டைத்தான் திருத்தணும்."

பில் போடும் பெண்
கால்குலேட்டரிலிருந்து தலையெடுக்காமல் சொன்னாள்:
"பட்டை மூலை குடுங்கத்தா.
ரெண்டு பீலியையும் சாய்ச்சு வெட்டி
மேல பட்டையை மடிச்சு ரிவிட் அடிச்சுக்கட்டும்.
ஆளுக்கு நாப்பத்தெட்டரை."

ஆளுக்கு நாற்பத்தெட்டரை.
பஸ்ஸில் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.
கோணலுக்கு ஒருவரை மட்டும் வெட்டினால்
வாய் சேராது.
மடியில் பட்டை, காலடியில் சிலிக்கான் ட்யூப்,
இருபது கொண்டை ஊசி.
ஒரு திருப்பத்தில் ஜன்னலோரம் நான் உள் மூலை,
எதிர் இருக்கைப் பலாப்பழக்காரர் வெளி மூலை.
அடுத்ததில் மாறிக்கொண்டோம்.
ஒன்றுகூடத் தொண்ணூறு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாட்டினோம்.
நூல் பிடித்து, பத்தடிக்கு அரை இஞ்சு சாய்வு.
ஏணியைப் பிடித்துக்கொண்டே நான் சண்டை போட்டேன்,
மேலே நின்றுகொண்டே அவன் போட்டான்.
காடி வாசனையோடு பிதுங்கியது சிலிக்கான்.
காய இருபத்துநாலு மணி நேரம் என்றிருந்தது ட்யூபில்.
அது சேலத்து மணி.
மூன்றாம் நாளும் விரலில் ஒட்டியது.

நான்காம் நாள் மாலை
சில்வர் ஓக்குகளை ஒவ்வொன்றாய் மறைத்தபடி
வந்தது மழை.
வாசற்படி காய்ந்திருந்தது.
பீலிக்குள் தண்ணீர் மூலை திரும்பும் சத்தம்,
கூட்டத்தில் ஒருவர் தொண்டையைச் செருமுவதுபோல.
அப்புறம்
ஒரு சொட்டு.
எண்ணினேன்.
பதினோரு நொடிக்கு ஒன்று.

செங்கோடன் உள்ளே போனான்.
திட்டத்தான் வார்த்தை தேடுகிறான் என்றிருந்தேன்.
எவர்சில்வர் டம்ளரோடு வந்து
சொட்டுக்கு நேராய் வைத்துவிட்டு
வாளியைத் துணி ஊறவைக்க எடுத்துப்போனான்.