இடமிருந்து இரண்டாவது

கேம்பிரிட்ஜில், ஹெஸ்பெலர் சாலைக்குப் பின்னால்,
தகரக் கூரைப் பட்டறையில்
இயந்திரங்களுக்கு விளக்கு வைப்பது என் வேலை.
விளக்கு வைக்கிற நேரம் என்று தனியாக ஒன்றில்லை,
மூன்று ஷிப்டிலும் வைக்கிறோம்.

இருபத்திரண்டு மில்லிமீட்டர் துளை,
என் கட்டைவிரல் நுழைந்து பார்த்திருக்கிறது.
ரப்பர் வளையம், பித்தான், பின்னால் மரை,
அதற்கும் பின்னால் மிளகளவு வெளிச்சம்.

சட்டம் எளிது.
பச்சை என்றால் ஓடு.
சிவப்பு என்றால் நில்.
மஞ்சள் என்றால் ஏதோ சரியில்லை, வந்து பார்.
நீலம் என்றால் நீ ஒன்று செய்தாக வேண்டும்,
செய்யும்வரை நான் அசையமாட்டேன்.
வெள்ளையை யாரும் எதற்கும் கட்டாயப்படுத்துவதில்லை.

முதல் வருடம் எனக்கு மஞ்சளோடுதான் தகராறு.
பத்திரிகையின் நாலு மூலையிலும் தடவி
நல்லது வருகிறது என்று சொல்லும் நிறம்
இங்கே மோட்டார் காய்கிறது என்றது.
அப்புறம் ஞாபகம் வந்தது:
கடன் முற்றியவன் நீட்டுவதும்
மஞ்சள் கடுதாசிதானே.

பட்டறை மூலையில் பழைய பம்பு ஒன்று.
அதில் சிவப்பு எரிந்தால் ஓடுகிறது என்று அர்த்தம்,
உயிரோடிருக்கிறேன், கிட்டே வராதே.
பச்சை எரிந்தால் செத்துக் கிடக்கிறது, தொடலாம்.
அதைத் தாண்டித்தான்
தினமும் காபி எடுக்கப் போகிறேன்.

பிப்ரவரியில் அட்டைப்பெட்டி ஆலைக்கு
புதுப் பலகை கொண்டுபோனேன்.
மடிக்கிற இயந்திரம். பதினேழு வருடமாக அதை ஓட்டுகிறவர்
டுவார்ட்டே.
பழைய பலகையின் மூடிகளில்
பாதி அவிந்து, மீதி தேய்ந்து கிடந்தன.
என்னுடையது பளபளவென்று, என் வரிசைப்படி.

பதினோராம் நிமிடம் அட்டை சிக்கியது.
அவர் கை தானாகப் போனது
இடமிருந்து இரண்டாவதுக்கு.
அழுத்தினார். அழுத்தினார். மறுபடி அழுத்தினார்.
அட்டைகள் மேலும் மேலும் வந்து
முழங்காலுக்கு ஏறின.
நான் எட்டி, காளான் தலைச் சிவப்பை அடித்தேன்.

"அது பச்சை" என்றேன்.
"தெரியும்" என்றார்.
பச்சைப் பொய்.

சரக்கு ஏற்றும் கதவருகே, பனி உள்ளே வீச,
கையுறையைக் கழற்றாமல் சொன்னார்:
எனக்கு இரண்டும் காய்ந்த புல் நிறம்.
சாலையில் மேலே எரிந்தால் நிற்பேன், கீழே எரிந்தால் போவேன்.
பழைய பலகை என் விரலுக்குத் தெரியும்.
லோர்னாவிடம் சொல்லாதே.
நீலம் தெரியும், நல்ல நீலம்,
அது எனக்கு எப்போதும் தெரியும்.

உள்ளே திரும்பினால்
அவசரமாக நிறுத்திய இயந்திரத்தில்
அதுதான் எரிந்துகொண்டிருந்தது.

ஆறு திருகு. நாலு வயர்.
நிற்பதை இடமிருந்து இரண்டாவதுக்கு மாற்றினேன்,
துருத்திக்கொண்டு நிற்கும்படி.
ஓடுவதைக் கடைசியில், ஒரு வளையத்துக்குள் குழிவாக.
அவர் கண்ணை மூடிக்கொண்டு
ஒருமுறை தடவிப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லவில்லை,
அட்டைகளை அள்ளப் போய்விட்டார்.

வரைபடத்தை ஏன் மாற்றினாய் என்ற கட்டத்தில்
வயர் நீளம் போதவில்லை என்று எழுதினேன்.
லோர்னா மூக்குக்கண்ணாடியை இறக்கி
என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார்,
டுவார்ட்டேயின் முதுகைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"எவ்வளவு குறைச்சல்?"

ஒரு விரற்கடை என்றேன்.