அடுப்பைச் சுற்றி ஒரு வேலி

உலான்பாத்தரின் வடக்கு மேட்டில்
கம்பளிக் கூடாரம் எங்களுடையது.
நட்டநடுவில் அடுப்பு.
தடுப்பு ஏதும் இல்லை; வட்டம் என்பதால்
மூலை என்றும் ஒன்றில்லை,
ஒரு பானையை ஒதுக்கி வைக்க.

டெமூலெனுக்கு அப்போது பதினொரு மாதம்.
சர்னாய் பால்தேநீரை இறக்கித் தரையில் வைத்தாள்.
உப்பை எடுக்கத் திரும்பினாள்.
அவ்வளவுதான்.

பிறகு அவளை யாரும் எதுவும் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.
சொல்லாமல் இருந்ததே
ஏழு குளிர்காலம் எங்களோடு
ஒரே போர்வையில் படுத்திருந்தது.

நான் வெல்டர்.
தெருவுக்கெல்லாம் வாசல்கதவு அடித்தவன்.
ஆட்டுக்குட்டிக்கு அடைப்பு கட்டியவன்.
திருடனுக்குப் பயந்து
நிலக்கரி மூட்டைக்குக்கூடக் கம்பி போட்டவன்.

நோமின் தவழத் தொடங்கிய அன்று
பழைய இரும்புக் கட்டிலை அறுத்தேன்.
அடுப்பிலிருந்து மூன்று சாண் தள்ளி
இடுப்புயர வேலி; கொக்கி உள்பக்கம்,
பெரியவர் கைக்கு மட்டும் எட்டும்படி.
இறக்கிய பானைக்கு உள்ளேயே ஒரு தட்டு.
டெமூலென் பொறியைப் பார்க்காமல்
முகம் திருப்பிக்கொண்டு
கம்பியைப் பிடித்துக் கொடுத்தான்,
தழும்புக் கையால்.

சர்னாய் கொக்கியைப் போட்டாள், எடுத்தாள்,
மறுபடி போட்டாள்.
"இவ்வளவுதானா?" என்றாள்.
அரை நாள் வேலை.
ஆமாம் என்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.

நேற்று நோமின்
அந்தக் கம்பியைப் பிடித்துத்தான்
முதன்முதலாக எழுந்து நின்றாள்.
உள்ளே தேநீர்
தன்பாட்டுக்குக் கொதித்துக்கொண்டிருந்தது.