மே ஒன்றுக்கு முன்

மூன்ஸ்டரில் ஒன்று மழை பெய்யும்,
இல்லையென்றால் மணி அடிக்கும்,
இரண்டும் சேர்ந்தால் ஞாயிறு என்பார்கள்.
இன்று இரண்டும்.
ஆய்வுகூடத்தில் நான் மட்டும்.

குருத்தணுக்களுக்குக் கிழமை தெரியாது.
ஒருநாள் தீன் மாற்றாவிட்டால்
இளஞ்சிவப்பு நீர் மஞ்சளிக்கும்,
ஓரத்தில் கிடப்பவை தம்பாட்டில்
நரம்போ தோலோ பெயரில்லாத எதுவோ
ஆகத் தொடங்கும்.

வால்ட்ராவ்ட் இந்த முறைக்கு வரமாட்டாள்.
தோலிலிருந்து பின்னோக்கி நடத்திக் கூட்டிவந்த செல்களென்றால்
நள்ளிரவிலும் வருவாள்.
இந்தத் தட்டில் உள்ளவை
ஐந்து நாள் கருவொன்றை உடைத்து எடுத்தவை.
அவள் வாதாடுவதில்லை.
அட்டவணையில் தன் பெயரை வெட்டி என் பெயரை எழுதுவாள்,
திங்களன்று எனக்கொரு துண்டு ப்ளம் கேக் இருக்கும்.

கதவில் அனுமதி எண், கீழே சட்டம்:
வெளிநாட்டில், இரண்டாயிரத்து ஏழு மே ஒன்றுக்கு முன்
உருவான வரிசைகள் மட்டும் உள்ளே வரலாம்.
ஒருநாள் பிந்தினாலும் எல்லைக்கு அப்பால்.
அந்தத் திகதிக்கு ஷ்டிஹ்டாக் என்று பெயர்.
ஷ்டிஹ் என்றால் ஊசிக்குத்து, தேனீக்கொட்டு.
தையலும் அதுதான்.

எனக்கு அது பழைய சொல்.
எட்டாம் வகுப்பில், அண்ணனுக்கு வந்த கடிதத்தை
நான்தான் தமிழில் சொன்னேன்.
யூலை ஒன்றுக்கு முன் வந்த தனியாட்கள் இருக்கலாம்.
யோகதாசன் வந்தது ஓகஸ்ட் ஆறு.
குடும்பங்களுக்கு வேறு திகதி, நாங்கள் அதற்குள்.
"திருப்பி வாசி" என்றான்.
வாசித்தேன். அதேதான் இருந்தது.

ஒப்பிடாதே என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.
அவன் முப்பத்தொரு வயது ஆள்,
இது நூற்றைம்பது செல்.

போன மாதம் இதயப் பிரிவிலிருந்து ஒருவர் வந்தார்,
சைக்கிள் திருத்துகிறவர், ப்ரூக்மான்,
நகக்கண்ணில் இன்னும் கிரீஸ்.
பதினொராம் நாள் தட்டை நுண்ணோக்கியில் வைத்தேன்.
அரிசிக் குறுணையளவும் இல்லாத ஒரு திட்டு
துடித்தது, நின்றது,
துடித்தது.
கண்ணை எடுக்காமலே கேட்டார்: "இது யாருடையது?"
வரிசை எண்ணைச் சொன்னேன்.
"எண்ணைக் கேட்கவில்லை."
தொட்டியில் குடுவை கழுவிக்கொண்டிருந்த வால்ட்ராவ்ட்
திரும்பாமல் சொன்னாள்,
"யாருடையதும் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதே."
பிறகு அவர் கேட்டார், "எனக்கு எப்போது?"
அப்போதுதான் அவள் திரும்பினாள்.
கையிலிருந்து நீர் சொட்டியது.
அதற்கு அவளிடமும் பதில் இல்லை.

எந்த ஊரிலோ ஒரு கணவனும் மனைவியும்
'மிச்சம்' என்ற கட்டத்தில் குறியிட்டுக்
கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.
பிறகு காரை எங்கே நிறுத்தினோம் என்று தேடியிருப்பார்கள்.

வெள்ளிக்கிழமைகளில் கழிந்த தட்டுகளில்
ப்ளீச் ஊற்றுவதும் நான்தான்.
அப்போது ரேடியோவை நிறுத்துவேன்.
ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

பழைய நீரை உறிஞ்சி எடுத்து
புதியதை விளிம்பு வழியே சரிக்கிறேன்.
முப்பத்தேழு பாகை. கதவு மூடுகிறது.

லியோனிலிருந்து அண்ணன் அழைக்கிறான்,
பின்னால் சமையற்கட்டுச் சத்தம்.
"ஞாயிறும் வேலையா?"
"தீன் போட வந்தனான்."
"என்ன, நாய் வளர்க்கிறியே?"
இல்லை என்றேன்.
அடுத்து என்ன சொல்வதென்று
மணி ஓயும்வரை நின்றேன்.