மூன்றாம் எண் கூண்டு

பாம்பன் துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றிய அன்றுதான்
ராமநாதபுரத்தில் என் வயிற்றுக்கும் ஓர் எண் சொன்னார்கள்.

ஆறு வாரம், நாலு நாள்.
துடிப்பு தொண்ணூற்றாறு.
"இருக்கு. ஆனா கொஞ்சம் மெதுவா இருக்கு"
என்றார் டாக்டர் ரமீசா.
திரையைத் திருப்பிக் காட்டினார்.
ஒரு பயறு அளவுகூட இல்லை.
டீசலில் தண்ணீர் கலந்த வள்ளம் போல
திணறித் திணறி மினுக்கியது.

மஞ்சள் ஃபைலின் மூலையில்
ஜி மூன்று, பி சுழி, ஏ இரண்டு.
வள்ளத்தின் நெற்றியில் எழுதுகிற பதிவு எண் மாதிரி ஏதோ என்று
முதல் தடவை நினைத்தேன்.
இப்போது வாசிக்கத் தெரியும்.
கடலுக்குப் போனது மூன்று முறை.
கரைக்கு வந்தது
சுழி.

வயது முப்பத்தேழு, போன இரண்டு, இந்தத் துடிப்பு
எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டுச் சொன்னார்:
"உன்ன மாதிரி நூறு பேருல
நாப்பது பேருக்குத் தங்காமப் போகலாம்.
அறுபது பேருக்குத் தங்கும்."
அறுபதைக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

திரும்பும்போது
அந்த நூறு பேரையும் பஸ்ஸில் ஏற்றிப் பார்த்தேன்.
ரெண்டு பஸ் வேண்டும்.
எல்லோர் மடியிலும் மஞ்சள் ஃபைல்.
எல்லோருக்கும் ஜன்னல் சீட்டு வேண்டும், குமட்டுகிறதாம்.
உச்சிப்புளியில் கொஞ்சம் பேர் இறங்கினார்கள்,
யாரும் பேர் சொல்லிக் கூப்பிடாமலே.
மண்டபத்தில் கொஞ்சம் பேர்.
பாலம் ஏறியதும்
மிச்சம் இருந்தவர்களை எண்ணினேன்,
என்னை விட்டுவிட்டு.

இன்னொன்றும் கேட்டிருந்தேன்,
கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டே.
"போன ரெண்டும் நான் பாசிக்கு முங்குனதாலயா?"
சிங்கிலித் தீவில் முங்கினேன்.
கஞ்சிப்பாசி மூட்டையைத் தலையில் தூக்கினேன்.
உப்புத் தண்ணி குளிர்ந்து உள்ளே இறங்கிடுச்சு என்றாள் நாத்தனார்.
தெருவில் அதற்குமேல் யாரும் கேட்கவில்லை,
அவ்வளவு பொருத்தமாக இருந்தது.
டாக்டர் பேனாவை மூடினார்.
"அநேகமா இல்லம்மா.
பெரும்பாலும் மொத நாளே விதையில கணக்கு பிசகியிருக்கும்.
நீ கட்டில்லயே கெடந்திருந்தாலும்
போயிருக்கும்."

எட்டு வருஷம்.
இடுப்பில் கட்டிய ஈரச் சாக்கை
யாரோ அவிழ்த்து வாங்கிக்கொண்டது போல் இருந்தது.
பாரமில்லாத இடுப்போடு எப்படி நடப்பதென்று தெரியாமல்
மருந்துக் கவுன்டரில் வெறுமனே நின்றேன்.
பிறகு கோபம் வந்தது.
இதை அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்ல
என்ன செலவு?

டோக்கன் இல்லை என்று வள்ளங்கள் எல்லாம் கரையில்.
சீட்டாட்டத்திலிருந்து எழுந்து வந்தான் வில்லாயுதம்.
நூறு, நாற்பது, அறுபது என்று சொன்னேன்.
"கூண்டு ஏத்துற தடவையெல்லாம் புயல் அடிக்குதா என்ன?" என்றான்.
அடிக்காத தடவை நிறைய உண்டு.
அடித்தாலும்
எந்த வீட்டுக் கூரை என்று கூண்டு சொல்வதில்லை.
சோற்றை மூடி வைத்துவிட்டு வெளியே போனான்.
எட்டிப் பார்த்தேன்.
வள்ளத்துக்கு ரெண்டாவது கயிறு போட்டுக்கொண்டிருந்தான்.

முங்கினாலும் ஒன்றும் ஆகாது என்றுதான் எனக்கும் இப்போது தெரியும்.
ஆனாலும் கண்ணாடியும் ரப்பர் செருப்பும் ஆணியில் தொங்குகின்றன.
கடன்காரனிடம் காற்று சரியில்லை என்றேன்.
பொய் இல்லை.
இரவில் மணிக்கட்டைப் பிடித்து எண்ணுகிறேன்.
என்னுடையது எண்பத்திரண்டு.
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்கிறேன்,
யாரிடம் என்று
சொல்லத் தெரியவில்லை.

புதன் காலை கூண்டை இறக்கிவிட்டார்கள்.
காற்று வடக்கே திரும்பிவிட்டதாம்.
அங்கே யார் கூரையோ.
எனக்கு மறு ஸ்கேன் வெள்ளிக்கிழமை.

மற்ற வள்ளமெல்லாம் கிளம்பிப் போயிற்று.
வில்லாயுதம் போட்ட ரெண்டாவது கயிறு
இன்னும் அவிழ்க்காமல் கிடக்கிறது.