மச்சான் இல்லை

குருமண்வெளித் துறையில்
பாதை வந்து முட்டும். பலகையை இறக்கிவிடுவேன்.
மோட்டார் சைக்கிள், தயிர்ச்சட்டி, பள்ளிக்கூடத்து ரீச்சர்மார்,
ஒரு நாள் கண்ணாடி வைத்த அலுமாரி.
மறுகா மண்டூர்க் கரைக்குக் கிறுகுவோம்.
ஆள் சேரும்வரை கிடைக்கிற நேரத்தில்,
நாற்பத்தாறு வயதில், முதன்முதலாக
நான் லண்டனுக்குப் போனேன்.

களுவாஞ்சிக்குடி நூலகத்துப் புத்தகம். முன்னட்டை இல்லை.
மதராசில் யாரோ தமிழாக்கியது:
பனிமூட்டத்துக்குள் நின்ற பொலிஸ்காரன்
"என்ன ஓய், பிரேதத்தைப் பார்த்தீரா" என்கிறான்.
விக்டோரியா ராணியின் காலமாம்.
வாயு விளக்கு, தந்தி, குதிரை வண்டி.
நூறு பக்கமாக ஒருவருக்கும் வியர்க்கவில்லை.

ஒன்று பிடிபட்டது எனக்கு:
அந்த ஊருக்குச் சாவு
கப்பலில்தான் வருகிறது.
விஷம் வேண்டுமா, கிழக்கே ஒரு தீவு.
களவுபோன ரத்தினமா, அதுவும் கிழக்கே.
சீமான் எப்படிச் சீமானானார் என்று மட்டும்
துப்பறிகிறவர் கேட்கவேயில்லை,
சப்பாத்துச் சேற்றைப் பார்த்தே
சாதகம் சொல்லும் மனிசன்.

நானும் பார்க்கத் தொடங்கினேன்.
வெடித்த குதிக்காலில் கறுப்புக் களி:
வெல்லாவெளிப் பக்கத்து வயல்காரர்.
விரலிடுக்கில் வெண்கட்டித் தூள்: கணக்கு ரீச்சர்.
புதுச் சாரம், கையில் வாழைப்பழச் சீப்பு, வாய் திறக்காத யோசனை.
"பொண் பார்த்துப்போட்டு வாறீங்களோ அண்ணன்?"
"பல்லுப் பிடுங்கிப்போட்டு வாறன்கா"
என்றார், கன்னத்தைப் பொத்திக்கொண்டு.
இஞ்சினடியில் இருந்த புண்ணியமூர்த்தி
மூன்று நாள் சிரித்தான்.

ஓரத்துப் பென்சில் எழுத்தைப் பிந்தித்தான் கண்டேன்.
ஒன்பதாம் பக்கம்: "வேலைக்காரி பொய் சொல்கிறாள்."
முப்பதில்: "டொக்டரோ?"
ஐம்பத்தேழில்: "டொக்டர் பாவம்."
எழுதிய எழுத்தின் மேலேயே கை தேய்த்துப் போயிருக்கிறது.
இடக்கைப் பழக்கம்.
அறுபதுக்கும் அறுபத்தொன்றுக்கும் நடுவில்
ஒரு கச்சான் தோல், சிவப்பு மாறாமல்.
அத்தியாயம் முடியமுன்னமே ஆளைப் பிடிக்கிற அவசரம்.
ஆணோ பெண்ணோ தெரியவில்லை.
நூற்றுப் பன்னிரண்டில், தாள் கிழியுமாப்போல் அழுத்தி,
கீழே இரண்டு கோடு:
"மச்சான்தான்!"

அதற்குப் பிறகு வெள்ளை ஓரம்,
இருநூற்று நாலு வரைக்கும்.

பின்னட்டையில் திகதித் தாள். ஊதா முத்திரை.
1990 மே 28.
அதற்குக் கீழே 2003.

அந்த வருசத்துப் பதிவேட்டைக் கேட்டுப் போனேன்.
"கறையான்" என்றார் நூலகர்,
நான் கேட்டு முடிக்கமுன்.
துப்பறிகிறவராயிருந்தால்
அந்த அவசரத்தில் இருந்தே மிச்சத்தைப் பிடித்திருப்பார்.
நான் ஒரு கிழமைக்குத் தவணை நீட்டி,
கையெழுத்து வைத்துவிட்டு வந்தேன்.

நேற்றுக் கடைசிப் பயணம் முடிந்து,
போன் வெளிச்சத்தில் முடிவை வாசித்தேன்.
எல்லாரையும் ஓர் அறைக்குள் இருத்தி
துப்பறிகிறவர் ஒவ்வொரு முடிச்சாகச் சொல்லுகிறார்.
எந்த இரவு, எந்தக் கதவு, யாருடைய கை.
ஒருவரும் எழும்பிப் போகவில்லை.
ஒருவரையும் திரும்பி வரச்சொல்லவில்லை.
கேட்ட எல்லாருக்கும் மறுமொழி கிடைக்கிறது,
தேத்தண்ணியும்.

கொன்றது பியானோ பழக்க வந்தவன்.

சட்டைப்பையில் பென்சில் இருந்தது.
ஏனென்று தெரியாது, இடக்கையால் எழுதினேன்,
கோணல் மாணலாக, அந்த இரண்டு கோட்டுக்கும் கீழே:
"மச்சான் இல்லை. மிச்சத்தையும் வாசியுங்கோ."

அக்கரையில் யாரோ ஹோர்ன் அடிக்கிறார்கள்,
கடைசிப் பாதை முடிந்தது தெரியாமல்.
புண்ணியமூர்த்தி என் முகத்தைப் பார்க்கிறான்.
நான் கயிற்றை அவிழ்க்கிறேன்.