மரியாதைக்கு ஒரு ‘ங்’

“அடிச்சனுங்” என்றான்.
“போனப் புடுங்கிப் பாத்தனுங்.
பாஸ்வேர்டு தரமாட்டேன்னுட்டாளுங்.
அப்பறம்... அயர்ன் பாக்ஸுங்.”

பதினாறு முடிந்து நாலு மாதம்.
பல்லடம் ரோட்டில் பனியன் கம்பெனி, அயர்னிங் டேபிள்.
நான் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன்.
படிப்பு, வருமானம், வீட்டில் குடிப்பவர் உண்டா?
உண்டு. டிக்.
வீட்டில் அடிப்பவர் உண்டா என்று ஒரு கட்டம் இல்லை,
ஓரத்தில் எழுதினேன்.

அவளைக் காலையிலேயே பார்த்துவிட்டேன்.
பெயரை அறிக்கையில் எழுதக் கூடாது,
இங்கேயும் மாட்டேன்.
அதே கம்பெனி, செக்கிங் செக்‌ஷன்:
துணியை டியூப்லைட்டுக்கு நேரே விரித்து
ஊசி விட்ட ஓட்டையைத் தேடும் வேலை.
முழங்கைக்குக் கீழே
முக்கோணத்தின் ஒரு முனை.
“அவன உள்ள போட்டுருவீங்களாக்கா?”
போடுவோம் என்றாலும் அழுவாள்,
போடமாட்டோம் என்றாலும்.
தெரியல சாமி, என்றேன்.
நிஜமாகவே தெரியவில்லை.

குழுமத்தில் பதினைந்து நிமிஷம்.
வாரம் ஒரு நாள் கவுன்சிலிங்,
அவள் பக்கம் போகக் கூடாது,
அவன் ஷிஃப்ட்டை மாற்றச் சொல்லி
கம்பெனிக்கு ஒரு கடிதம்.

மேனேஜர் அவள் ஷிஃப்ட்டை மாற்றினார்.

இப்போது அவளுக்கு ராத்திரி வேலை.
மறுபடி எழுதியிருக்கிறேன்,
‘அவன்’ என்பதில் அடிக்கோடு போட்டு.

மூன்றாவது வாரம்.
கவுன்சிலர் பிரபாவதி
ஃபைலை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்:
“எங்கிட்ட, அக்காகிட்ட, வாசல்ல போலீஸ்கிட்ட,
எல்லார்கிட்டயும் ‘ங்’ போட்டுத்தான் பேசற.
அவகிட்ட எப்பவாச்சும் போட்டிருக்கியா?”

சிரிப்பு வந்தது அவனுக்கு.
எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தான்.
பிறகு,
“எதுக்குங்?” என்றான்.